நியூட்டன் ஓசூர்க்காரரா?

பத்தாம் வகுப்பு மாணவி

பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்ததும் அறிவியல் புத்தகத்தில் எங்களை வரவேற்ற முதல் பாடம் இயக்க விதிகள். ஆகவே பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே சர் ஐசக் நியூட்டன் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டார். விதிகளுக்குப் பெயர் நியூட்டன், விசையின் அலகுக்குப் பெயர் நியூட்டன், கணக்கின் விடைக்குப் பின்னால் எழுத மறந்தால் அரை மதிப்பெண்ணைப் பிடுங்குபவரும் நியூட்டன்! ஆனால் அந்தப் பெயருக்கே ஒரு பொருள் உண்டு என்பதையும், அது நம் ஊர்ப்பக்கத்துப் பொருள் என்பதையும் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதுதான் அறிந்தோம். அதுவும் வேறொரு காரியமாகப் பெயர்களைத் துருவிக்கொண்டிருந்தபோது.

அந்தக் காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பொதுத்தேர்வுக்கு அனுப்ப வேண்டிய பெயர்ப் பட்டியலை ஒருநாள் எங்கள் வகுப்புச் சிஸ்டர் கொண்டுவந்தார்கள். "நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே! இதில் இருப்பதுதான் சான்றிதழில் வரும். சான்றிதழில் வருவதுதான் வாழ்நாள் முழுவதும்" என்று எச்சரித்தார்கள். அதுவரை விளையாட்டாக இருந்த நாங்கள் கொஞ்சம் பயந்துதான் போனோம். பதினைந்து வயதில் வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றை உறுதிசெய்வதென்றால் சும்மாவா?

எல்லைப்புறத்து வகுப்பு எங்களுடையது. பட்டியலைப் பார்த்தாலே தெரியும். தமிழ் பேசும் வீட்டுப் பெண்களுக்கு முன்னால் ஓரெழுத்து, அப்பாவின் எழுத்து. தெலுங்கு பேசும் வீட்டில் வீட்டுப்பெயரின் எழுத்தும் சேர்ந்து இரண்டு. கன்னட வீட்டில் சிலருக்குப் பூர்வீக ஊரின் எழுத்து. அப்பாவின் தொழிற்சாலை வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்த தோழியருக்கோ முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் எக்கா, டோப்போ என்று குலப்பெயர்கள். எக்கா என்றால் அவர்கள் மொழியில் ஆமையாம். டோப்போ ஒரு பறவையாம். எவ்வளவு அழகு!

பட்டியல் எங்கள் பெஞ்சுக்கு வந்தபோது ஒரு தோழி எழுந்து, "சிஸ்டர், என் பெயருக்கு முன்னால் அம்மாவின் எழுத்தையும் சேர்க்கலாமா?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவளுடைய அப்பா அவள் இரண்டு வயதுக் குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடிலில் பூ வெட்டும் வேலைக்குப் போய் அவளை வளர்த்தது அம்மாதான். சிஸ்டர் சிறிது யோசித்து, "மற்ற சான்றிதழ்களிலெல்லாம் ஓரெழுத்துதானே இருக்கிறது? எதற்கும் அம்மாவைக் கேட்டுக்கொண்டு வா" என்றார்கள்.

அன்றிலிருந்துதான் இந்தப் பெயர் ஆராய்ச்சி. தலைப்பெழுத்து எங்கிருந்து வந்தது, வெள்ளைக்காரர்கள் பெயருக்குப் பின்னால் எழுதும் சர்நேம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினோம். முதலில் அகப்பட்டவர் எங்கள் நியூட்டன்.

நியூட்டன் என்பது முதலில் ஆளின் பெயரன்று, ஊரின் பெயர். பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றால் வேலி அடைத்த இடம். பிறகு அதுவே பண்ணையைக் குறித்து, பிறகு சிற்றூரைக் குறித்து, இன்று 'டவுன்' என்று வளர்ந்து நிற்கிறது. 'நியூ' என்றால் புதியது என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, நியூட்டன் என்றால் புதூர்! இங்கே நம் பக்கம் வாருங்கள். கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய. ஹொச ஊருதான் ஹொசூராகி, தமிழில் ஓசூராகிவிட்டது. அப்படியானால் ஐசக் நியூட்டனை நம் வழக்கப்படி எழுதினால் ஓசூர் ஐசக் என்றுதானே எழுத வேண்டும்? இதைக் கண்டுபிடித்த அன்று பிற்பகல் எங்கள் வகுப்பில் பாடமே நடக்கவில்லை என்பதைத் தலைமையாசிரியை அவர்கள் மன்னிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் புதூர் என்ற பெயர் எத்தனை ஊருக்கு இருக்கிறதோ, அப்படியே இங்கிலாந்திலும் நியூட்டன்கள் ஏராளம். அதனால் நியூட்டன் என்று பெயருள்ளவர்களெல்லாம் உறவினர்களும் அல்லர். ஆலயங்களில் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' என்ற பாடலை இயற்றிய ஜான் நியூட்டன், முதலில் அடிமை வணிகக் கப்பலில் மாலுமியாக இருந்து பின்னர் மனம் மாறிக் குருவானவர், வேறொரு புதூர்க்காரர். அவ்வளவுதான்.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. நியூட்டன் என்ற ஊரில் இருந்தவனை அந்த ஊரார் யாரும் நியூட்டன் என்று அழைத்திருக்க மாட்டார்கள். அழைத்தால் ஊரே திரும்பிப் பார்க்குமே! அவன் அந்த ஊரை விட்டு வேறு ஊருக்குப் பிழைக்கப் போன பிறகுதான், "யாரப்பா அந்த ஆள்?" "அவனா, அந்தப் புதூரான்" என்று பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வைப்பார். தொரப்பள்ளிக்குள் யாரும் தொரப்பள்ளியார் இல்லை. ஓசூர் சந்தைக்குப் போனால்தான் தொரப்பள்ளியார். ஓசூருக்குள் யாரும் ஓசூர்க்காரர் இல்லை. பெங்களூருக்குப் பேருந்து ஏறினால்தான் ஓசூர்க்காரர். ஊர்ப்பெயரைச் சுமக்கிறவர் அந்த ஊரை விட்டு வந்தவர் என்று பொருள். சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து எங்கெங்கிருந்தோ வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்த நம் பகுதிக்கு இது புரியாத செய்தியா? எங்கள் தெருவிலேயே 'திருநெல்வேலி அத்தை', 'தர்மபுரி மாமா' என்று கூப்பிடுகிறோமே! நானூறு ஆண்டு கழித்து அவர்கள் சந்ததியினர் அதையே சர்நேமாக எழுதினால் வியப்பில்லை. (பள்ளி என்றால் இங்கே சிற்றூர் என்று பொருள். தொரப்பள்ளியில் பள்ளி இருப்பதால்தான் நாங்கள் பள்ளிக்கு வருகிறோம் என்று கேலி செய்யும் வெளியூர்த் தோழியர் கவனிக்கவும்.)

நம் புனித சவேரியாரும் இந்தக் கணக்கில்தான் வருகிறார் என்பது நாங்கள் எதிர்பாராதது. சேவியர் என்பது அவருக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் அன்று, அது பிரான்சிஸ். சேவியர் என்பது ஸ்பெயின் நாட்டின் நவார் பகுதியில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் அதற்குப் 'புது வீடு' என்று பொருள். வட கர்நாடகத்தில் ஹொசமனி என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் இருக்கிறார்கள்; அதுவும் புது வீடுதான். ஒரு கோட்டையின் பெயர் கடல் தாண்டி வந்து சவரிமுத்து, சவரியம்மாள் என்று நம் வீடுகளில் செல்லப்பெயராகப் புழங்குகிறது.

சர்நேம் என்றால் ஆதிகாலம் தொட்டு வருவது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அப்படியொன்றும் இல்லை. நார்மானியர்கள் 1066-இல் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்னால் அங்கே பெரும்பாலோருக்கு ஒரே பெயர்தான், நம்மைப்போல. ஒரே ஊரில் பத்து ஜான் இருந்தால் என்ன செய்வது? கொல்லன் ஜான் ஸ்மித் ஆனான், சிவந்த முடிக்காரன் ரீட் ஆனான், ஜானின் மகன் ஜான்சன் ஆனான். மகன் கொல்லுலைப் பக்கமே போகாவிட்டாலும் ஸ்மித் என்ற பெயர் அவனை விடவில்லை. 1400 வாக்கில் பெரும்பாலோருக்குப் பெயர் இப்படி நிலைத்துவிட்டது. இதில் வரி வசூலித்தவர்களின் பங்கும் உண்டு. தலைவரிப் பட்டியலில் ஆளை அடையாளம் கண்டு எழுத வேண்டுமே! அந்தத் தலைவரியை எதிர்த்து 1381-இல் உழவர்களைத் திரட்டிய வாட் டைலரின் பெயரைப் பாருங்கள். டைலர் என்றால் ஓடு வேய்பவர். பட்டியல் எழுதுவோர் பெயரை உறுதி செய்வது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

பெண் பிள்ளைகளாகிய நாங்கள் இங்கே கொஞ்சம் நின்று பார்த்தோம். பேக்ஸ்டர், வெப்ஸ்டர், புரூஸ்டர் என்று ஆங்கிலப் பெயர்கள் இருக்கின்றன. அகராதி தொகுத்த வெப்ஸ்டரை யாருக்குத் தெரியாது? பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டர்' என்பது பெண்பால் விகுதி. பேக்ஸ்டர் ரொட்டி சுட்டவள், வெப்ஸ்டர் தறி நெய்தவள், புரூஸ்டர் பானம் காய்ச்சியவள். மாரியட் என்பது மேரி என்ற பெயரின் செல்ல வடிவம், டில்லட்சன் என்பது மெட்டில்டா என்பவளின் மகன். தாயின் பெயரைச் சுமந்த பிள்ளைகள் ஆங்கிலேயரிலும் இருந்திருக்கிறார்கள். பிறகு அவையும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் பெயர்களாகிவிட்டன. அம்மாக்கள் உள்ளே ஒளிந்துகொண்டார்கள்.

இனி நியூட்டனின் வீட்டுக்கே போவோம். அவர் பழைய நாட்காட்டிப்படி 1642-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று லிங்கன்ஷயரில் வூல்ஸ்தார்ப் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய அப்பா பெயரும் ஐசக் நியூட்டன்தான். மகன் பிறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். ஒரு நாளும் பார்த்தறியாத அப்பாவின் முழுப்பெயரும் பிள்ளைக்கு வந்துவிட்டது. அந்த அப்பாவுக்குத் தம் பெயரைக் கையெழுத்திடத் தெரியாது. அம்மா ஹன்னாவின் பிறந்த வீடு ஐஸ்கோ என்ற குடும்பம். கல்வியறிவு உள்ள வீடு. அம்மா ஸ்மித் என்ற குருவை மறுமணம் செய்துகொண்டு போனபோது ஐசக்குக்கு வயது மூன்று. அவரை வளர்த்தது அம்மாவைப் பெற்ற பாட்டி. பையன் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்மா பின்னாளில் படிப்பை நிறுத்தப் பார்த்தபோது, அவனைப் படிக்க வைக்கச் சொல்லி வற்புறுத்தியவர்களில் ஒருவர் தாய்மாமன் வில்லியம் ஐஸ்கோ. 1661-இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார்.

பெற்றவள், வளர்த்த பாட்டி, படிக்க வைத்த மாமன் எல்லோரும் ஐஸ்கோ. ஆனால் விதியும் அலகும் நியூட்டன்! இதில் யார் மீதும் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டியை நினைத்துக்கொள்ளாமல் இனி எங்களால் விசைக்கு அலகு எழுத முடியாது.

நம் நாட்டுத் தலைப்பெழுத்தைப் பார்ப்போம். பாரத ரத்னா விருது முதன்முதலில் 1954-இல் வழங்கப்பட்டபோது மூவர் பெற்றார்கள். ஒருவர் 1878-இல் இதே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அவர் பிறந்த வீட்டை நினைவில்லமாக இன்றும் காணலாம். மற்ற இருவர் டாக்டர் ராதாகிருஷ்ணன், சர் சி. வி. ராமன். மூவரின் தலைப்பெழுத்தும் மூன்று வகை! ராஜாஜியின் எழுத்து சக்கரவர்த்தி என்ற குடும்பப் பெயர். அது அவர் தந்தையாரின் பெயருக்கு முன்னாலும் இருந்தது. ராதாகிருஷ்ணனின் எழுத்து சர்வபள்ளி என்ற ஊர். ராமனின் முதலெழுத்து சந்திரசேகரன் என்ற அப்பா. இரண்டாவதான 'வி' யாருடையதும் இல்லை, வேங்கடராமன் என்ற அவருடைய பெயரையே இரண்டாக வெட்டியதில் வந்தது. இதில் ஒரு வேடிக்கை. சக்கரவர்த்தி என்ற சொல்லில் 'சி' எங்கே இருக்கிறது? ஆங்கில எழுத்தின் ஓசையைத் தமிழில் எழுதியதால் வந்த 'சி' அது. தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் ஆணையிட்டது நல்லதாயிற்று.

தலைப்பெழுத்தை நாம் சாதாரணமாக எண்ணிவிடுகிறோம். நம் ஓசூரில் தயாராகிச் சாலையில் ஓடும் வண்டிகளைப் பாருங்கள். டி. வி. எஸ். என்ற மூன்றெழுத்தில் முதலெழுத்து திருக்குறுங்குடி என்ற ஊர். நிறுவனர் சுந்தரம் ஐயங்காரின் தலைப்பெழுத்து நாடெங்கும் ஓடுகிறது. லாரிகளில் அசோக் லேலண்ட் என்று எழுதியிருக்கிறதே, அசோக் என்பது நிறுவனரின் மகன் பெயர். லேலண்ட் என்பது லங்காஷயரில் உள்ள ஓர் ஊர், பொருள் உழாத தரிசு நிலம். பிள்ளையும் தரிசும் சேர்ந்து பாரம் இழுக்கின்றன!

அம்மாவின் எழுத்து நம்மிடம் இல்லவே இல்லை என்று சொல்ல வேண்டாம். எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரை நாடே அறியும். 'எம்' மதுரை. 'எஸ்' யார்? சண்முகவடிவு, வீணை வாசித்த அவருடைய அம்மா. அந்த இரண்டு எழுத்தைச் சொன்னாலே போதும், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்ற அளவுக்கு அம்மாவின் எழுத்து புகழ் பெற்றது.

இன்னொன்றும் தமிழிலேயே இருக்கிறது, நாங்கள் தினமும் சொல்லிக்கொண்டு கவனிக்காதது. பேரன் என்ற சொல் பெயரன் என்பதன் திரிபு. பேத்தி பெயர்த்தி. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன், பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள்! நமக்குக் குடும்பப் பெயர் இல்லையென்று யார் சொன்னது? ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அது நடந்து வந்திருக்கிறது, பெண்களுக்கும் பங்கு வைத்து. ராமனின் தந்தை சந்திரசேகரன். ராமனின் அண்ணன் மகனும் சந்திரசேகர்தான். 1983-இல் நோபல் பரிசு பெற்ற அந்த வானியல் அறிஞர்தான் முதுமையில் நியூட்டனின் பெருநூலுக்கு விளக்கம் எழுதி 1995-இல் வெளியிட்டார். விண்மீன்களின் நிறைக்கு அவர் கண்ட எல்லையைச் 'சந்திரசேகர் எல்லை' என்கிறார்கள். நியூட்டன் விதியில் இருப்பது ஏதோ ஒரு புதூர். சந்திரசேகர் எல்லையில் இருப்பது அவருக்கென்று இட்ட பெயர், தாத்தாவின் பெயரும்கூட. சர்நேம் இல்லாதவருக்கு வாய்த்த பேறு அது.

ஆனால் கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கு இதெல்லாம் புரிவதில்லை. சர்நேம் என்று ஒரு கட்டம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது. ஐக்கிய அரபு நாடுகள் 2022 நவம்பரிலிருந்து கடவுச்சீட்டில் ஒற்றைப்பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா தர மறுத்தன. எனவே அப்பாவின் பெயரைச் சர்நேம் ஆக்கிக்கொள்கிறோம். ஒரு தோழியின் அக்காள் மேற்படிப்புக்கு வெளிநாடு போனாள். அங்கே பேராசிரியர்கள் அவளை 'மிஸ் முருகேசன்' என்று அழைக்க, அப்பாவைத்தான் தேடுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம்! சாதிப் பெயரைச் சர்நேமாகப் போடலாமே என்று சில வீடுகளில் யோசனை சொல்கிறார்களாம். அது வேண்டவே வேண்டாம். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். எத்தனையோ பேர் விட்டார்கள். எங்கள் பட்டியலில் யாருடைய சாதியும் தெரியவில்லையென்றால் அதற்கு அந்த ஓரெழுத்துதான் காரணம். ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக அதை மறுபடி கொண்டுவருவதா?

எங்கள் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். சர்நேம் இல்லையென்று நாம் கூச வேண்டியதில்லை. அது அயலார் வைத்த அடையாளம்; நம் தலைப்பெழுத்தும் ஓர் அடையாளம். ஆனால் அந்த அடையாளத்தில் அம்மா ஏன் இல்லை? ஐஸ்லாந்து நாட்டில் இன்றும் அப்பாவின் பெயரோடு 'மகள்' என்று சேர்த்து எழுதுகிறார்கள். அம்மாவின் பெயரோடும் எழுதலாம், தடையில்லை. நம் நாட்டிலும் 1999-இல் உச்ச நீதிமன்றம் கீதா ஹரிஹரன் வழக்கில், பிள்ளைக்குத் தாயும் இயற்கையான காப்பாளராகலாம் என்று தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரிலிருந்து கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் தாய் தந்தை இருவரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும். சட்டம் வந்துவிட்டது, நம் பட்டியல்தான் இன்னும் வரவில்லை. இரண்டு எழுத்தாக எழுதினால் தாள் கிழிந்துவிடுமா?

பெற்றோர்கள் சொல்லும் தடை எங்களுக்குத் தெரியும். ஆதாரில் ஒன்று, மாற்றுச் சான்றிதழில் ஒன்று, மதிப்பெண் சான்றிதழில் ஒன்று என்றால் கல்லூரியில் சேரும்போது யார் அலைவது? உண்மைதான். ஒரு புள்ளி இடம் மாறியதற்காக அரைநாள் கூலியை இழந்து அலுவலகப் படியேறிய அப்பாக்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆகவே பத்தாம் வகுப்பில் மாற்ற வேண்டாம், பிறப்புச் சான்றிதழிலேயே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்குக் காலம் கடந்திருக்கலாம். இனிப் பிறக்கப்போகும் தங்கைகளுக்குக் கடக்கவில்லை.

தோழியின் கதையைப் பாதியில் விட்டுவிட்டோம். மறுநாள் அவள் வந்து, "அம்மா வேண்டாம் என்றுவிட்டார்கள்" என்றாள். எங்களுக்கு ஏமாற்றம். ஏன் என்று கேட்டோம். "அப்பா உனக்கு விட்டுப்போனது அந்த ஓரெழுத்துதானம்மா, அதன் பக்கத்தில் இடம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை" என்று அம்மா சொன்னார்களாம். நாங்கள் அத்தனை பேர் திரட்டி வைத்திருந்த அத்தனை சான்றுகளும் அந்தப் பேச்சின் முன் வாயடைத்து நின்றன. அந்த அம்மா சொன்னது தவறென்று எங்களால் சொல்ல முடியவில்லை. எங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

பட்டியல் திருத்தமின்றிச் சுற்றி வந்தது. அவரவர் பெயருக்கு நேரே கையொப்பமிட வேண்டும். அச்சிட்ட பெயருக்கு முன்னால் அவளுக்கு அப்பாவின் எழுத்து மட்டும். பக்கத்துக் கட்டத்தில் அவள் கையொப்பமிட்டாள்: அம்மாவின் எழுத்து, அப்பாவின் எழுத்து, பிறகு தன் பெயர். சிஸ்டர் தாளை வாங்கிப் பார்த்தார்கள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்கள்.

"கையெழுத்தை அடிக்கடி மாற்றக் கூடாது, தெரியுமா? இனிமேல் எங்கே போட்டாலும் இதையேதான் போட வேண்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.